பினாங்கில் பருந்து, கழுகு படம் எடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் பட்டர்வொர்த்காரன், மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேமராப் பையோடு கிளம்பிவிடுவேன். கூட வர ஆசைப்படும் நண்பர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், கோயிலில் பார்த்து விசாரிப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டிக் கை வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கிறேன்.

"பினாங்கில் பருந்து இருக்கா அண்ணே? பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கேன், பார்த்ததே இல்லையே?"

பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். ஃபெரியில் தீவுக்கு வரும்போது கண்ணைக் கைத்தொலைபேசியிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் வானத்தைப் பாருங்கள். தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். அதுதான் செம்பருந்து. வீட்டுப் பெரியவர்கள் "கருடன் போகுது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதே பறவை. மலாய்க்காரர்களுக்கு லாங் மேரா.

அதைவிடப் பெரியது வெண்வயிற்றுக் கடற்கழுகு. இறக்கையை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 2 மீட்டர். வயல் பக்கம் போனால் கருந்தோள் பருந்து, காட்டோரத்தில் பாம்புக் கழுகு. குளிர்கால மாதங்களில் வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகள் வேறு. இந்தச் சின்ன மாநிலத்துக்கு இது தாராளம்.

"பருந்து, கழுகு, வல்லூறு எல்லாம் ஒன்றுதானே? ஊருக்கு ஊர் பெயர் மாறுது, அவ்வளவுதானே?"

பேச்சுவழக்கில் நாம் கலந்துதான் சொல்கிறோம், அதில் தப்பில்லை. ஆனால் படத்துக்குப் பெயர் போடும்போது கொஞ்சம் பிரித்துச் சொன்னால் நல்லது. உடல் பெரியது, கால் தடித்தது என்றால் கழுகு. நடுத்தர உடம்போடு காற்றில் மிதந்து மிதந்து இரை தேடுவது பருந்து. சின்ன உடம்பில் வேகமாகப் பாய்ந்து பறவைகளைப் பிடிப்பவற்றை வல்லூறு என்கிறோம். இது மேலோட்டமான கணக்குத்தான், விதிவிலக்கு நிறைய. பிணம் தின்னும் பாறு பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பினாங்கில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் உறவுக்காரர்கள், "எங்க ஊர்ப் பருந்து இங்கே எங்கே?" என்பார்கள். சென்னையில் மீன் மார்க்கெட்டுக்கு மேலே கூட்டம் கூட்டமாகச் சுற்றும் பழுப்பு நிறப் பறவை கள்ளப்பருந்து. இங்கே அதன் உறவினம் வலசைக் காலத்தில்தான் வரும். அதன் வேலையை இங்கே வருடம் முழுக்கப் பார்ப்பது செம்பருந்து.

"கைத்தொலைபேசியில் எடுக்க முடியாதா?"

நிழலுருவம் எடுக்கலாம். மாலை ஆறரைக்கு மேல் சிவந்த வானம், கடலோரக் காய்ந்த மரம், அதன் மேல் ஒரு பருந்து என்றால் கைத்தொலைபேசியே அழகாக எடுத்துவிடும். இறகு இறகாகத் தெரிய வேண்டும் என்றால் நடக்காது. எண்ணியல் ஜூமில் இழுத்தால் பறவை எண்ணெய் ஓவியம் மாதிரி ஆகிவிடும்.

"அப்போ என்ன கேமரா வாங்கலாம்? எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) ஆகும்?"

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, நான் சொல்லி நீங்கள் வாங்கி அப்புறம் என்னைத் திட்ட வேண்டாம். எது தேவை என்று மட்டும் சொல்கிறேன். லென்ஸ் 400 மி.மீட்டராவது இருக்க வேண்டும். 100-400 மி.மீட்டர் ஜூம் லென்ஸ் கையில் பிடிக்க இலேசு. 150-600 நீளம் தரும், ஆனால் 2 கிலோ கனம். ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்தால் தோள் பேசும். ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீட்டரே 600 மி.மீட்டர் மாதிரி நெருக்கமாகக் காட்டும். ஆகவே பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம் என்றால் நிக்கான் பி950 மாதிரியான ஒற்றைத்துண்டு கேமரா போதும். அதன் ஜூம் 2000 மி.மீட்டருக்குச் சமம். கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்குக் கெட்டி. பறப்பதைப் பிடிப்பதற்குள் அது கெடா மாநிலத்துக்கே போய்விடும். முதல் வருடம் யாரிடமாவது பழைய 70-300 வாங்கிப் பழகுங்கள் என்பதுதான் என் யோசனை. ஆசை தணிந்துவிட்டால் நஷ்டம் குறைவு.

"முதல் தடவை எங்கே போகலாம்? நிச்சயமாப் பறவை கிடைக்கிற இடமா சொல்லுங்க."

நிச்சயம் என்று எதுவும் கிடையாது. ஆனால் ஏமாற்றாத இடம் என்றால் மீனவர் படகுகள் கரையேறும் இடங்கள். தெலுக் பாஹாங், பத்து மாவுங் பக்கம் காலையில் படகு வந்து வலை உதறும்போது செம்பருந்துகள் தானாக வந்து சேரும். அவை முழு மீனைத் தூக்குவது குறைவு. தண்ணீர் மேல் மிதக்கும் செத்த மீனையும் துண்டுகளையும் நகத்தால் அள்ளிக்கொண்டு, பறந்தபடியே காலைக் குனிந்து கொத்தித் தின்னும். அந்தக் குனிதல் நல்ல படம். நான் முதலில் எடுத்து வீட்டில் மாட்டியதும் அதுதான்.

இரண்டாவது, பாலிக் பூலாவ் வயல்கள். சுங்கை பூரோங் பக்கம் வரப்பு ரோட்டில் மெதுவாக ஓட்டிக்கொண்டே மின்கம்பிகளைப் பாருங்கள். வெள்ளையும் சாம்பலுமாக, தோளில் கறுப்புப் பட்டையோடு, சிவப்புக் கண்ணோடு புறா அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் கருந்தோள் பருந்து. எலி பிடிப்பதற்காக ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்றபடி தலையை மட்டும் அசைக்காமல் கீழே பார்க்கும். அப்புறம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு படிப்படியாக இறங்கும். நாலு தடவை இறங்கினால் ஒரு தடவைதான் எலி.

மூன்றாவது, பினாங்கு தேசியப் பூங்கா. தெலுக் பாஹாங் முகப்பில் பதிவு செய்துவிட்டு உள்ளே போக வேண்டும். முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் பக்கமுள்ள கடலோரப் பாறைகள் கடற்கழுகுக்குப் பிடித்த இடம். பறவையைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் குரல் கேட்கும். இத்தனை கம்பீரமான பறவை வாத்து மாதிரி கத்தும், சிரிப்பு வரும். அங்கே குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை. பிஸ்கட்டைக் கேமராப் பையில் வைக்காதீர்கள்.

கடல் தாண்டி செபராங் பிறையில் ஆயர் ஈத்தாம் டாலாம் காடு இருக்கிறது. ஆற்றோரத்தில் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். பாம்புக் கழுகு தேட நல்ல இடம். கொசுமருந்து இல்லாமல் போனால் படம் எடுக்க மாட்டீர்கள், சொறிந்துகொண்டே திரும்பி வருவீர்கள்.

"விடியற்காலை ஆறு மணிக்கே போகணுமா? ஞாயிற்றுக்கிழமை தூங்க விடுங்க அண்ணே."

இந்த ஒரு விஷயத்தில் சோம்பேறிகளுக்கு அதிர்ஷ்டம் உண்டு. பெரிய பறவைகள் இறக்கையடித்துப் பறப்பதைக் கூடுமானவரை தவிர்க்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் சூடான காற்று மேலே எழும்பும். அதில் ஏறிச் சுற்றிச் சுற்றி உயரம் பிடிக்கும். பினாங்கில் சூரியனே ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது. தரை சூடாக ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். அதுவரை பெரும்பாலும் மரத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் படத்துக்கு எது நல்லது என்று யோசியுங்கள். உட்கார்ந்த பறவை வேண்டும் என்றால் ஏழரையிலிருந்து ஒன்பது. தாழ்வாகப் பறப்பது வேண்டும் என்றால் ஒன்பதிலிருந்து பத்தரை, அதாவது அவை ஏற ஆரம்பிக்கும் நேரம். பதினொன்றுக்கு மேல் எல்லாம் புள்ளியாகிவிடும். அந்த நேரத்தில் நான் காப்பிக்கடையில் இருப்பேன். மாலை நாலரைக்கு மேல் மறுபடி தாழ வரும். பாலிக் பூலாவ் தீவின் மேற்குப் பக்கம், காலையில் மலை மறைத்துக்கொண்டு வெளிச்சம் தாமதமாக வரும். அதனால் அங்கே மாலையில் போவதே என் பழக்கம்.

"நான் எடுத்தா பறவை கறுப்புக் காக்கா மாதிரி வருது. கேமரா கெட்டுப் போச்சா?"

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. வெளுத்த வானம் படத்தில் முக்கால்வாசி. கேமரா அதைப் பார்த்து "ஐயோ, ரொம்ப வெளிச்சம்" என்று குறைத்துவிடுகிறது, பறவை இருண்டுபோகிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுகட்டலை +1 அல்லது +1.7 வரை கூட்டுங்கள். மேகமூட்ட நாளில் +2கூடப் போகலாம். வானம் வெள்ளைத் தாளாகிவிடும், பரவாயில்லை, யாரும் வானத்தைப் பார்க்கப் போவதில்லை.

இதில் ஒரு கண்ணி உண்டு. அதே பறவை வானத்தை விட்டு இறங்கி, இருண்ட மலைக்காட்டுக்கு முன்னால் வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். இப்போது கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், செம்பருந்தின் வெள்ளைத் தலை பால் கொட்டின மாதிரி வெளிறிவிடும். அப்போது -0.7 வேண்டும். பறவை வானத்துக்கும் மலைக்கும் மாறி மாறிப் போகிறது என்றால் வெளிச்ச அளவை நாமே வைக்கும் மேனுவலுக்கு மாறிவிடுங்கள். பறவையின் மேல் விழும் வெளிச்சம் மாறுவதில்லையே, பின்னணிதானே மாறுகிறது. வெள்ளை இறகில் விவரம் தெரியும் அளவுக்கு ஒரு தடவை அளந்து வைத்துவிட்டால், மேகம் வந்து மறைக்கும்வரை அதைத் தொட வேண்டாம்.

வயிற்றுப் பக்கம் எப்போதும் இருட்டாக இருக்கிறதே என்பவர்களுக்கு: நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும் ஊர் நம்முடையது. கீழிருந்து வெளிச்சம் வர வழி தேடுங்கள். நாற்று நட்டுத் தண்ணீர் கட்டியிருக்கும் வயல், வெளிறிய மணல், கடல் இவையெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி மேலே அனுப்பும். தண்ணீர் நிற்கும் வயலுக்கு மேலே பறக்கும் கருந்தோள் பருந்தின் அடி இறக்கை விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். அறுவடைக்குப் பிறகு அதே இடத்தில் அது கிடைக்காது.

"எல்லாம் மங்கலா வருது. ஷட்டர் எவ்வளவு வைக்கணும்?"

பறப்பதற்கு 1/2000 நொடி. செம்பருந்து சோம்பலாக மிதக்கும்போது 1/1250 போதும். உட்கார்ந்திருந்தால் 1/500, கை நடுங்காதவர்கள் இன்னும் இறங்கலாம். வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு 6400 வரை அனுமதியுங்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தைச் சுத்தம் செய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸ் தொடர் முறையில் இருக்கட்டும். புதிய கேமராக்களில் பறவையின் கண்ணைத் தானாகவே கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது, போட்டு வையுங்கள். கிளைகளுக்கு நடுவே அது ஏமாறும், அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள்.

இவ்வளவும் செய்தும் மங்கல் என்றால் காற்றைச் சந்தேகப்படுங்கள். பதினொரு மணிக்கு வயலுக்கு மேலே கானல் ஆடுகிறது. 200 மீட்டர் தாண்டி இருக்கும் பறவையை எந்த லென்ஸும் கூர்மையாகக் காட்டாது. ஒருவர் இதற்காகவே லென்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார். புதியதிலும் அதே மங்கல். கடைசியில் காலை எட்டு மணிக்கு ஒரு நாள் எடுத்துப் பார்த்தார், பழைய லென்ஸை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கிட்டே போனாலே பறந்துடுது. எப்படி நெருங்குறது?"

நடந்து போகாதீர்கள். காரிலேயே இருங்கள். மனித உருவத்தைக் கண்டால் ஓடும் பறவை, காரைக் கண்டுகொள்ளாது. வயல் ரோட்டில் இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கதவு விளிம்பில் ஒரு துண்டையோ அரிசி நிரப்பிய துணிப்பையையோ வைத்து அதன் மேல் லென்ஸை வையுங்கள். இன்ஜின் ஓடினால் அதிர்வும் சூடும் சேர்ந்து படத்தைக் கெடுக்கும். விவசாயியின் மோட்டார் சைக்கிள் போக வழி விட்டு நிறுத்துங்கள். நான் ஒரு தடவை ஓரமாக ஒதுங்குகிறேன் என்று முன் சக்கரத்தை வாய்க்காலில் இறக்கிவிட்டேன். டிராக்டர் வைத்திருந்த ஒரு பாக்சிக், அதாவது மலாய்க்காரப் பெரியவர், தூக்கிவிட்டார். அந்த ஒன்றரை மணி நேரமும் மேலே கம்பியில் உட்கார்ந்து, வால் தொங்கத் தொங்க எலியைத் தின்றுகொண்டிருந்தது ஒரு பருந்து. கேமரா பின்சீட்டில்.

காரில்லாத இடத்தில் ஒரே வழி முன்னதாகப் போய் உட்கார்வது. பறவைக்கும் தினசரி வழக்கம் உண்டு. நேற்று எந்தக் கம்பத்தில் உட்கார்ந்து தின்றதோ இன்றும் அங்கே வரத்தான் பார்க்கும். கம்பத்தின் அடியில் எச்சம், எலும்பு, மீன்முள் கிடந்தால் அதுதான் சாப்பாட்டு மேசை. அது இல்லாத நேரத்தில் போய் 30 மீட்டர் தள்ளி நிழலில் உட்காருங்கள். மூன்று வாரம் ஒரே இடத்துக்குப் போனவர் எடுத்த படம், மூன்று வாரம் மூன்று இடம் சுற்றினவர் எடுத்ததைவிட நன்றாக இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். லென்ஸ் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

"லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ இருக்கு. துடைச்சா போகலை."

பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றின் பரிசு. கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், கண்ணாடியை அரித்துவிட்டது என்றால் மீளாது. இனிமேல் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை பாக்ஸில் வையுங்கள், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு. அது இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். துணிப் பையில் பூட்டி அலமாரியில் வைப்பதுதான் மிக மோசம். என் முதல் லென்ஸ் அப்படித்தான் போனது.

குளிர்சாதனம் போட்ட காரிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் மூடுபனி போட்டுக்கொள்வதும் இதே ஈரக்காற்றால்தான். சேருமிடத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே குளிரை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

"எந்த மாசம் நல்லது? கூட்டம் கூட்டமா வரும்னு சொல்றாங்களே?"

உள்ளூர்ப் பறவைகள் வருடம் முழுக்க உண்டு. கூட்டம் என்று கேட்பது வலசையை. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை வடக்கே இருந்து தெற்கே இறங்கும், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை திரும்பி ஏறும். தேன்பருந்துதான் அதிகம். புறா மாதிரி சின்னத் தலை, நீண்ட கழுத்து. தேன்கூட்டையும் குளவிக்கூட்டையும் பிரித்துப் புழுக்களைத் தின்பது. வயல்களில் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து தேடும். செபராங் பிறை வயல்களில் டிசம்பர், ஜனவரியில் பார்க்கலாம்.

பெரிய காட்சி வேண்டும் என்றால் மார்ச் மாதம் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் போக வேண்டும், பினாங்கிலிருந்து ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். நேரம் பற்றிய பதிலில் சொன்ன சூடான காற்று கடலுக்கு மேலே எழும்புவதில்லை. அதனால் இந்தப் பறவைகள் கடலைக் கடக்கப் பயப்படும், குறுகலான இடமாகத் தேடிக் கடக்கும். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் அந்த இடம் ஏறக்குறைய 38 கிலோமீட்டர்தான். இறக்கையடித்து இறக்கையடித்துக் களைத்துப்போய் மரமட்டத்தில் கரையேறும். கலங்கரை விளக்கக் குன்றில் நிற்பவருக்கு முகத்துக்கு நேரே வரும். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே மார்ச்சில் பறவை பார்க்கும் விழா நடத்தி வந்திருக்கிறது. கடக்கும் நேரம் நண்பகலையொட்டி. அதாவது காப்பிக்கடைக்குப் போகலாம் என்று நான் சொன்ன நேரம் அங்கே செல்லாது.

"பழுப்பு நிறத்தில் ஒன்று எடுத்தேன். கள்ளப்பருந்துதானே?"

பத்துக்கு எட்டு, அது இளம் செம்பருந்து. குஞ்சாக இருக்கும்போது வெள்ளைத் தலையும் கிடையாது, செங்கல் நிறமும் கிடையாது, உடம்பெல்லாம் பழுப்புக் கோடு. வாலைப் பாருங்கள். விரித்தால் விசிறி மாதிரி உருண்டையாக இருந்தால் செம்பருந்து. நடுவில் உள்வாங்கி மீன்வால் மாதிரி இருந்தால் கள்ளப்பருந்து.

கடற்கழுகின் குஞ்சும் இப்படித்தான் குழப்பும். அதற்கு வால் குட்டை, ஆப்பு மாதிரி. மிதக்கும்போது இறக்கைகளை மேல்நோக்கி வி எழுத்து மாதிரி தூக்கிப் பிடிக்கும். பாம்புக் கழுகுக்கு இறக்கையின் பின் ஓரத்தில் நெடுக ஒரு வெள்ளைப் பட்டை, அதைப் பார்த்தால் வேறெதுவும் பார்க்க வேண்டாம். ஆகவே முகத்தை மட்டும் எடுக்காமல் இறக்கை விரித்த ஒரு படமும், வால் விரித்த ஒரு படமும் எடுத்து வையுங்கள். அழகாக இல்லாவிட்டாலும் அடையாளத்துக்கு உதவும்.

"லங்காவியில் கோழித்தோலைப் போட்டா நூறு பருந்து வருதாம். நாமும் போட்டு எடுத்தா என்ன?"

படகில் கூட்டிப் போய்க் கோழித்தோல், குடல் வீசிப் பருந்துகளைக் காட்டுவது லங்காவியிலும் கோலசிலாங்கூரிலும் நடக்கிறது. நானும் ஒரு தடவை போனேன், ஒரு மணி நேரத்தில் 900 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒரே படம். தண்ணீர், நகம், வெளிறிய கொழுப்புத் துண்டு. பறவைக்கும் அது நல்ல சாப்பாடு இல்லை. எலும்பும் முள்ளும் சேர்ந்த முழு இரையைத் தின்று வளரும் உடம்புக்கு வெறும் தோலும் கொழுப்பும் எப்படிப் போதும்? படகுச் சத்தம் கேட்டாலே வந்து நிற்கப் பழகிவிடுகிறது.

"தெலுக் பாஹாங்கில் மீனவர் எறிவதைத் தின்பதும் இதுவும் ஒன்றுதானே?" என்று ஒரு தம்பி மடக்கினான். நியாயமான கேள்வி. முழுக்க வேறு என்று சொல்ல மாட்டேன். அது மீன்தான், அதன் வழக்கமான உணவுதான், நாம் இல்லாவிட்டாலும் அங்கே விழும். நம் படத்துக்காக யாரும் எறியவில்லை. அந்த எல்லையில் நான் நிற்கிறேன். ஆந்தைக்கு உயிருள்ள எலியைக் கட்டி வைத்து எடுக்கும் ஆட்களும் உண்டு, அவர்களோடு நான் வெளியே போவதில்லை.

"ஒரு கூடு கண்டுபிடிச்சிட்டேன்! லொகேஷன் அனுப்பவா?"

எனக்கும் அனுப்பாதீர்கள். கூட்டுக்குக் கீழே நாலு பேர் முக்காலி போட்டு நின்றால் தாய்ப்பறவை திரும்பி வராமல் சுற்றும். முட்டையோ குஞ்சோ வெயிலில் காயும், காக்கைக்கு வசதி. கடற்கழுகு உயர்ந்த மரத்திலும் தொலைத்தொடர்புக் கோபுரத்திலும் கூடு கட்டும், வருடா வருடம் அதே கூட்டுக்கு வரும். ஒரு தடவை இடம் வெளியே தெரிந்தால் அடுத்த வருடமும் கூட்டம்தான். குஞ்சு திருடி விற்பவர்களுக்கும் அதே தகவல் போதும்.

கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், பகிரும் முன் அணைத்துவிடுங்கள். கூடு என்று தெரிந்தால் ஒரு படம்கூட எடுக்காமல் நடையைக் கட்டுங்கள். பெரும்பாலான இரைகொல்லிப் பறவைகளுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. குஞ்சு மட்டுமில்லை, முழுப் பாதுகாப்பில் உள்ள பறவையின் உடற்பாகத்தை அனுமதியில்லாமல் வைத்திருப்பதும் குற்றம். கீழே கிடந்த இறகைப் படம் எடுத்துவிட்டு அங்கேயே போடுங்கள்.

"ட்ரோன் விட்டா மேலேயிருந்து எடுக்கலாமே? இல்லே ஃபோனில் அதன் சத்தத்தைப் போட்டா?"

இரண்டுமே வேண்டாம். ட்ரோனைத் தன் எல்லைக்குள் நுழைந்த எதிரி என்று கழுகு நினைக்கும், பாய்ந்தால் காலோ இறக்கையோ போகும். தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வேறு இருக்கிறது, சிக்கல் உங்களுக்கும். சத்தம் போடுவதும் அதே கதைதான். எதிரி வந்துவிட்டான் என்று வேட்டையை விட்டுவிட்டு அலையும்.

"வீட்டுப் பக்கம் பருந்து ஒன்று விழுந்து கிடக்கு, பறக்கலை. என்ன செய்யட்டும்?"

முதலில் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பறக்கப் பழகும் இளம் பறவையாக இருந்தால் தாய் அருகிலேயே இருக்கும். அடிபட்டது தெரிந்தால் தடித்த துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள், இருட்டானால் அடங்கிவிடும். பயப்பட வேண்டியது மூக்குக்கு இல்லை, நகத்துக்கு. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதைத் தடுப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

"கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வருமே, அதை எடுக்க முடியுமா? உண்மையிலேயே வருதா?"

வருகிறது. நான் போன கும்பாபிஷேகங்களில் பெரும்பாலானவற்றில் வந்தது. நேரம் பற்றிய பதிலை மறுபடி படித்துப் பாருங்கள். முகூர்த்தம் பெரும்பாலும் ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவில், செம்பருந்து உயரம் பிடிக்கும் அதே நேரம். இதைச் சொன்னால் என் அம்மா, "நேரத்தைக் குறித்துக் கொடுத்தவன் யாரு?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, தேடவும் இல்லை.

எடுக்க ஆசை என்றால் கோபுரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள், கூட்டமும் தெளிக்கும் தண்ணீரும் லென்ஸில் விழும். 60, 70 மீட்டர் தள்ளி, சூரியன் முதுகில் விழும் பக்கம் நின்றால் கலசமும் வானமும் ஒரே சட்டத்தில் வரும். நீண்ட லென்ஸ் இங்கே தொல்லை, 70-300 போதும். கலசத்தில் வெயில் பட்டுத் தெறிக்கும், அதனால் எக்ஸ்போஷரை மேனுவலில் முன்கூட்டியே பூட்டி வையுங்கள். மின்கலத்தையும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். செபராங் பிறையில் ஒரு கோயிலில் குடத்துத் தண்ணீர் கலசத்தில் விழுந்த அந்த நொடியில் நான் மின்கலம் மாற்றிக்கொண்டிருந்தேன். மூடியை அடைத்து நிமிர்வதற்குள் கருடன் மூன்று சுற்றுச் சுற்றித் தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டது. என்னிடம் இருப்பது அதற்கு அடுத்த படம். ஆயிரம் கைகள் தலைக்கு மேலே, எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பி, வானம் மட்டும் காலியாக.